மூணு வாய் ஜாயின்ட்

வாங்க, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டுமுங்க. அந்தப் பெட்டியக் கீழ வெய்யுங்க, எதுக்குக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறீங்க. பிரிக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம். என்னன்னு எனக்குத் தெரியும். வேனுக்குப் பின்னாடி வெக்கிற காத்துப் பை. நீங்க வாசப்படி தாண்டும்போதே அந்த ரப்பர் வாசம் வந்துருச்சு.

யாரு அனுப்புனாங்கன்னு சொன்னீங்க? கோகிலாவா.

ம்.

துணிக்கடை முன்னாடி வண்டிய நிறுத்தியிருப்பீங்க. உள்ள கட்டிலு, அடுப்பெல்லாம் இருக்கறதப் பாத்ததும் வந்த கஸ்டமரை அப்படியே வுட்டுட்டு ஓடியாந்திருப்பா. "பின்னாடி பை வெச்சாச்சுங்களா? எங்க மாமாகிட்டப் போங்க, அவரு பூட்டுன பைதான் என் உசுரக் காப்பாத்துச்சு." அப்படித்தானுங்க சொன்னா? அதே வார்த்தை. எனக்கே மனப்பாடம். பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டக் கூட சொல்லுவா.

என்னது? ரெண்டு பைக்கும் ஒரே டியூப்பு, ஒரே எடத்துல காத்தடிக்கற மாதிரி, அவங்க வண்டிக்கு வெச்ச மாதிரியே வெக்கச் சொன்னாளா? அதையுமா சொல்லியனுப்பறா? ஒரே டியூப்பு போதுமான்னு என்னையக் கேக்கறீங்களா?

இத பாருங்க, முதல்லயே சொல்லிப்புடறேன். நான் மெக்கானிக் கெடையாது. ஆர்.ஓ. மெஷின் மாட்டறவன், குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின். இந்தக் கோபியில ஐநூறு வீட்டுச் சமையக்கட்டுல என் கை பட்டிருக்குது. ஒரு வீட்ல, ஒரே ஒரு வீட்ல ஜாயின்ட் ஒழுகுதுன்னு போன் வந்திருந்தா என் பேரை மாத்திக்கறேன். அந்தக் கைக்கு வண்டி வேலை எதுக்குங்க? ஈரோட்டுல நல்ல ஒர்க்‌ஷாப்பாப் பாத்துக் குடுத்துருங்க.

சரி, வெயில்ல வந்திருக்கீங்க, சித்தெ உக்காருங்க. ஞாயித்துக்கெழம கடை மதியத்தோட சரி. கோகிலா நேரா இங்கதான் வருவா, ஆளு வந்தாரான்னு கேட்டுக்கிட்டு. பக்கத்துப் போர்ஷன்தான் அவ வீடு. காபி கொண்டாருவா, குடிச்சுட்டுக் கெளம்பலாம்.

அவ என் தம்பி சம்சாரமுங்க. தம்பி பேரு பூபதி. அவன் போயி இந்தக் கார்த்திகையோட ரெண்டு வருசம். திம்பம் மலை எறக்கத்துல வண்டி சாஞ்சு. உள்ள ரெண்டே பேரு, அவனும் அவளும். அவ பொழச்சுக்கிட்டா.

அக்கட்டால பாருங்க, முருங்கை மரத்தடியில தார்ப்பாய் போட்டு மூடியிருக்குதே, அதான் அவன் வண்டி. வலப் பக்கம் மொத்தமும் நசுங்கிப் போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு நாலு தடவ சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறா. "அவரு அடிச்ச காத்து இன்னும் உள்ள இருக்குது மாமா, எப்படிக் குடுக்கறது"ங்கறா.

பூபதி ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தான். கல்யாணமாகி பதினாலு வருசம், கொழந்தை இல்ல. நம்ம பக்கம் ஒரு விசேசத்துக்குப் போனா என்ன கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா? வளைகாப்புக்குப் போனா ஒரு பார்வை, காதுகுத்துக்குப் போனா ஒரு பார்வை. ஒரு நா கோகிலா தீத்துச் சொல்லிட்டா. இனிமே எந்த விசேசத்துக்கும் நான் வரல, லீவு வுட்டா என்னைய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருன்னு. இவன் என்ன பண்ணான், ஸ்கூல்ல கழிச்சுக் கட்டுன பழைய வேனையே வாங்கி, சீட்டெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு, கட்டில் போட்டான், அடுப்பு வெச்சான். அவ சீலையக் கிழிச்சு ஜன்னலுக்குத் திரை தெச்சா. தண்ணி டேங்கு நான் வெச்சுக் குடுத்தேன், நூறு லிட்டர். பைத்தியங்க ரெண்டும். இந்தக் காம்பவுண்டுக்குள்ளயே வண்டிய நிறுத்தி, உள்ள சோறாக்கித் தின்னுட்டு, ரொம்பத் தூரம் போயிட்டு வந்தவங்க மாதிரி எறங்கி வந்தாங்க ஒரு நா. நாங்க சிரிச்சோம்.

அத்தன பாரம் ஏத்துனா வண்டி பின்னாடி உக்காராம என்ன பண்ணும்? பள்ளத்துல எறங்குனா அடி தட்டுது. அடியில இன்னொரு ஸ்பிரிங் பட்டா சேத்துப் போட்டுருடான்னேன். அது தூக்கித் தூக்கிப் போடும், கோகிலாவுக்கு இடுப்பு வலி, வேண்டாம்னான். அப்பறம் போன்ல எதையோ பாத்துட்டு இந்தப் பைய வரவழைச்சான். பட்டாவுக்கும் சேஸுக்கும் நடுவுல, பக்கத்துக்கு ஒண்ணு. காத்தடிச்சாத் தூக்கும், எறக்குனா எறங்கும். "வெளிய எதுக்குண்ணா குடுக்கோணும், டியூப்பு மாட்டறதுல உன்னைய விட எவன் இருக்கான்"ன்னான்.

அது உண்மைதானுங்களே.

ஒரு சனிக்கெழம. இதே எடம். ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை குடுத்து, பின் சக்கரத்தக் கழட்டியாச்சு. பூபதி அடியில படுத்துக்கிட்டு ஸ்பேனர் கேப்பான், கோகிலா எடுத்துக் குடுப்பா. பதினேழுன்னா கரெக்டா பதினேழு குடுப்பா, கெட்டிக்காரி. பதினொரு மணிக்கெல்லாம் பை ரெண்டும் உக்காந்துருச்சு. மிச்சம் டியூப்பு. டியூப்பு என் வேலை.

படமா? பெட்டிக்குள்ள படம் போட்ட தாளா? இல்லீங்க, எங்க பெட்டியில அப்படி எதுவும் வரல. உங்கள்ல இருக்குதா? இருக்கட்டும், உள்ளயே வெய்யுங்க.

டியூப்ப நேரா வெட்டோணுமுங்க. நூல் புடிச்ச மாதிரி. கொஞ்சம் சாச்சு வெட்டிட்டாலும் ஜாயின்ட்டுக்குள்ள சரியா உக்காராது, காத்து சீறும். நம்ம தண்ணி டியூப்பு மெத்துன்னு இருக்கும், கத்தரிக்கோல்ல வெட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். இது கெட்டி. சாஞ்சுருச்சு. சோப்புத் தண்ணி தொட்டு வெச்சா முட்டை முட்டையா வருது. மறுக்கா வெட்டினேன். மறுக்கா சாஞ்சுது. ரெண்டு பேரும் என் கையவே பாத்துட்டு நிக்கறாங்க. ஐநூறு வீட்ல ஒழுகாத கைய்யி! மூணாந்தடவ வெட்டறப்போ வலப் பக்கத்து டியூப்பு ஒரு சாண் குட்டையாப் போச்சு. பின்னாடி நம்பர் பிளேட்டு வரைக்கும் கொண்டு போயி வால்வுல சேக்கோணும், எட்டல.

வேற டியூப்பு வேணும்னா கோயமுத்தூர்ல இருந்து வரோணும், ரெண்டு நாளாகும். அவங்க மறுநா விடியக்கால கெளம்பறாங்க. நல்ல நேரம் பாத்தாச்சு, கட்டுச்சோத்துக்குப் புளி ஊற வெச்சாச்சு. குட்டையா வெட்டிட்டேன், பயணத்தத் தள்ளிப் போடுங்கன்னு அவங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது? நான் உள்ள போயி என் டூல்ஸ் பையில இருந்து மூணு வாய் ஜாயின்ட் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். தண்ணி மெஷினுக்குப் போடறதுதான். ஒரு வாயில எடப் பக்கத்துப் பை, ஒரு வாயில வலப் பக்கத்துப் பை, மூணாவது வாய்ல இருந்து ஒரே டியூப்பு, ஒரே வால்வு, காத்து அளவு பாக்க ஒரு மீட்டர். டக்கு டக்குன்னு குத்தினேன். சோப்புத் தண்ணி வெச்சேன். ஒரு முட்டை வரல.

"பாத்தியா? ஒரே எடத்துல காத்தடி, ரெண்டுக்கும் சமமாப் போகும். அண்ணந் தம்பி மாதிரி"ன்னேன். சொன்னது இந்த வாய்தான். பூபதி மட்டும் அந்தத் தாளையே பாத்துட்டு நின்னான்.

எந்தத் தாளா?

ஆமாங்க. வந்துச்சு. எங்க பெட்டியிலயும் ஒரு தாளு வந்துச்சு. உங்கள்ல இருக்கற அதே தாளுதான். ரெண்டு பையையும் ஒரே கோட்டுல சேத்து, அது மேல செவப்புல பெருக்கல் குறி போட்டிருக்கும், பாருங்க. "அண்ணா, இப்படி வெக்கக் கூடாதுங்கற மாதிரி போட்டிருக்குதே"ன்னான். "அது வெளிநாட்டு வண்டிக்குடா. ஒண்ணும் ஆகாது"ன்னேன். அவன் சிரிச்சுட்டே தாள மடிச்சு என் கையில குடுத்துட்டான். அண்ணன் சொன்னா சரி. சின்னதுல இருந்தே அவன் அப்படித்தான்.

சாயங்காலம் மூணு பேரும் ஒரு ரவுண்டு போனோம். நேர் ரோட்டுல என்னமாப் போகுதுங்கறீங்க, பல்லக்குதான். கோகிலா கையத் தட்டறா. கச்சேரிமேட்டுல திரும்பறப்பதான் வண்டி சாஞ்சுது. எல்லா வண்டியும் சாயும், ஒரு எடத்துல நின்னுக்கும். இது அழுந்துது, அழுந்துது, இன்னும் அழுந்திட்டே போகுது. கட்டில் மேல இருந்த பாட்டிலு உருண்டு வந்து என் கால்ல இடிச்சுது. "அண்ணா, சாயுதே"ன்னான். "டேங்கு நெறயத் தண்ணி இருக்குதில்ல, அதான். மெதுவாத் திருப்பு, பழகிரும்"ன்னேன்.

தண்ணி நூறு லிட்டருங்க, சும்மாவா? அலம்புச்சுன்னா ஆள இழுத்துரும். இவனும் கொஞ்சம் வேகமா வந்திருப்பான். மலை எறக்கம், நியூட்ரல்ல வுட்டானோ என்னமோ. கூட இருந்தா பாத்தோம்?

நாலு நா சுத்துனாங்க. மலையேறுனதும் போன் பண்ணான். "ஏறிட்டோம்ணா. ஒவ்வொரு வளைவுலயும் ரொம்பச் சாயுது, எனக்கே பயமா இருக்குது"ன்னான். நான் அப்ப ஒரு வீட்ல மெஷின் மாட்டிட்டிருந்தேன், வாயில ஸ்குரூ. "காத்துக் கொறஞ்சிருக்கும், எறங்கறப்ப நல்லா அடிச்சுக்கோ"ன்னுட்டு வெச்சுட்டேன். அவன் அடிச்சிருக்கான். எறங்கற அன்னைக்குக் காலைல தாளவாடியில, கால் பம்புல, வேர்க்க வேர்க்க. கோகிலாதான் மீட்டரப் பாத்துச் சொன்னாளாம், நாப்பது வந்துருச்சு, போதும்னு. அதைத்தான் அவரு அடிச்ச காத்துங்கறா.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரு. பிரேக்கு பாத்தாரு, ஸ்டீரிங் பாத்தாரு, டயர் பாத்தாரு. எல்லாம் நல்லாருக்குதுன்னு எழுதுனாரு. வண்டி மேல குத்தமில்லீன்னா அப்பறம் யாரு மேல? ஓட்டுனவன் மேல. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்னு போலீஸ்ல எழுதிப் போட்டாங்க. என்னையும் ஒரு வார்த்தை கேட்டாங்க, உங்க தம்பி வேகமா ஓட்டுவாரான்னு.

"கொஞ்சம்"னேன்.

பத்து வருசம் ஸ்கூல் வேன் ஓட்டுனவனுங்க. ஒரு பிள்ளைக்கு முட்டி சிராய்ச்சது கெடையாது. ஸ்கூல்ல இரங்கல் கூட்டம் வெக்கறோம்னாங்க, அந்தப் பேப்பர் வந்ததும் வுட்டுட்டாங்க. இவனையா நம்பிப் பிள்ளைங்கள அனுப்புனோம்னு பெத்தவங்க பேசிக்கிட்டது கோகிலா காதுக்குப் போச்சு. அவன் செத்ததுக்கு அழுததை விட அவ அதுக்குத்தான் அழுதா. "இருபதுலதான் மாமா வந்தாரு. நான் பாத்துட்டேதான் இருந்தேன். இருபது." ஒருத்தரும் நம்பல. அவ அப்பனே நம்பல. நான் தலைய ஆட்டிட்டு நிப்பேன்.

அந்த வளைவ அவ எப்படிச் சொல்லுவான்னு கேளுங்க. "எடப் பக்கம் வளைவு மாமா. வண்டி மெதுவா வலப் பக்கம் சாஞ்சுது. தூக்கத்துல பொரண்டு படுப்பாங்களே, அந்த மாதிரி. பின்னாடி இருந்து ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். அவருதான் பெருமூச்சு வுடறாருன்னு திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள படுத்துருச்சு. நீங்க வெச்ச பை மட்டும் இல்லீன்னா தூக்கியடிச்சுப் பள்ளத்துக்கே போயிருப்போம். உங்க பைதான் பைய்யப் படுக்க வெச்சுது." சொல்லிட்டு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுவாளுங்க. நெசமாலுமே, ரெண்டு கையும் சேத்து.

அந்த ஸ்ஸ்ஸ் என்னன்னு எனக்குத் தெரியும்.

அவன் காரியம் முடிஞ்சதும் ஒரு மத்தியானம் அந்தத் தாள எடுத்து வெச்சுக்கிட்டு, போன்ல தேடித் தேடிப் பாத்தேன். வளைவுல பாரம் ஒரு பக்கமாச் சாயுது, அந்தப் பக்கத்துப் பை நசுங்குது. தனித்தனி டியூப்பா இருந்தா காத்து அங்கயே நின்னு முட்டுக் குடுக்கும். ஒரே டியூப்பா இருந்தா? நசுங்குன பையில இருக்கற காத்து மூணு வாய் ஜாயின்ட் வழியா எதிர்ப் பக்கத்துப் பைக்கு ஓடிருது. இது சுருங்குது, அது ஊதுது. சாயற வண்டிய இன்னும் சாய்க்குது. எத்தன காத்தடிச்சாலும் இதேதான். தண்ணி மெஷினுக்கு இது ஒண்ணும் பண்ணாதுங்க. செவுத்துல மாட்டுன மெஷின் எந்த வளைவுல திரும்புது?

இது என் சம்சாரத்துக்கே தெரியாது. உங்ககிட்ட எதுக்குச் சொல்லிட்டிருக்கறேன்னும் தெரியல.

போன ஆயுத பூசைக்குக் கோகிலா அந்த வண்டிக்கு அடியில படுத்துத் தேடிப் புடிச்சு அந்த ஜாயின்ட்டுக்குச் சந்தனம் வெச்சு, பொட்டு வெச்சா. தனக்குப் பொட்டு வெச்சுக்கறதில்ல, அதுக்கு வெச்சா. "இதுதானுங்க மாமா ரெண்டையும் சேக்கறது?"ன்னு அடியில இருந்துட்டே கேட்டா. ஆமாம்மான்னேன். மேக்கொண்டு நிக்க முடியாம கொல்லைப் பக்கம் போயி மொகத்தக் கழுவிட்டு வந்தேன்.

தெனமும் காலைல மீட்டரப் பாக்கறேன். நாப்பதுல இருந்தது. இன்னைக்கு முப்பத்தி நாலு. ரெண்டு வருசத்துல ஆறுதான் எறங்கியிருக்குது. என் ஜாயின்ட் அப்படி, ஒழுகாது. ஒழுகித் தொலைச்சிருந்தா நல்லாருந்திருக்கும். பை சப்புன்னு போயிருக்கும், வண்டி பழையபடி அடி தட்டிக்கிட்டே போயிட்டு வந்திருக்கும், கோகிலாவுக்கு இடுப்பு வலிச்சிருக்கும், அவ்வளவுதான்.

சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு நா தார்ப்பாயத் தூக்கிட்டு உள்ள ஏறினேன். பட்டப்பகல்ல. கட்டில்ல வலப் பக்கமா உக்காந்தேன். எனக்குக் கீழ மெதுவா அழுந்துது, அந்தப் பக்கம் மெதுவா எழும்புது, ஸ்ஸ்ஸ்ங்குது. பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருந்து, அண்ணன் வந்துட்டான்னு நகந்து எடம் வுட்ட மாதிரி. காத்துதான், எனக்குத் தெரியாதா காத்துதான்னு? ஆனா அவன் அடிச்ச காத்துங்க அது. அவன் காலு மிதிச்ச காத்து. "டேய், நகராதடா, அங்கயே இருடா"ன்னு வாய் வுட்டுச் சொல்லிட்டேன். அன்னையில இருந்து எந்த வீட்லயும் நான் மூணு வாய் ஜாயின்ட் போடறதில்ல. தண்ணிக்குக் கூட. வீட்டுக்காரங்க ஏனுங்கன்னு கேட்டா, ஸ்டாக் இல்லீங்கறேன்.

உங்க வண்டியில யாரெல்லாம் வர்றீங்க? வீட்ல அம்மணியும், பாப்பாவுமா? பாப்பாவுக்கு எத்தன வயசு? ஆறா. எங்க போறதா இருக்கீங்க? ஊட்டியா.

ஊட்டி.

இத்தன நா நான் பேசாம இருந்தா என்னோட போயிரும்னு நெனச்சேன். அவளுக்கும் ஒரு ஆறுதலா இருக்குதே, அதை எதுக்குக் கெடுக்கோணும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். பொய்யி. எனக்குத்தான் அந்தக் கும்புடு வேணும்னு இருந்திருக்குது. இப்பப் பாருங்க, அவ ரோட்டுல போற வர்ற வண்டிய எல்லாம் நிறுத்தி, இதே மாதிரி வெச்சுக்கங்கன்னு அனுப்பறா. ஆறு வயசுப் பாப்பா இருக்கற வண்டிய அனுப்பறா. இதுக்கு முன்னாடி எத்தன பேருகிட்டச் சொன்னாளோ, அவங்க எந்த மலையில இருக்காங்களோ.

பூட்டறேங்க உங்களுக்கு. நானே பூட்டறேன். பக்கத்துக்கு ஒரு டியூப்பு, பக்கத்துக்கு ஒரு வால்வு, ரெண்டு மீட்டர். டியூப்ப ஒரே வெட்டுல வெட்டறேன், அதுக்குன்னே ஒரு கட்டர் வாங்கி வெச்சு ஒன்றரை வருசமாச்சு, இன்னும் கவரைக் கூடப் பிரிக்கல. ஆனா ரெண்டு டியூப்பு வெச்சா அவ வந்து பாப்பா. ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவளாச்சே. "எங்களுக்கு மட்டும் ஏனுங்க மாமா ஒண்ணு"ன்னு கேப்பா.

வாசக் கேட்டு தொறக்கற சத்தம். அவதான். இருங்க, நீங்க எந்திரிக்காதீங்க, போயிராதீங்க. வந்ததும் என்னைய ஒண்ணு கேட்டீங்களே, ஒரே டியூப்பு போதுமான்னு? அதை அவ முன்னால மறுக்காக் கேளுங்க. ஒண்ணும் ஆகாதுன்னு என் வாயில வந்துச்சுன்னா இந்தப் பெட்டியத் தூக்கிட்டு ஓடிருங்க. இல்ல, இருங்க. நீங்க கேக்க வேண்டாம்.

வாம்மா. ஆமா, வந்துட்டாரு. அந்தக் காபியக் கீழ வெய்யி. கீழ வெய்யி கண்ணு, கை சுட்டுரும். இப்படி உக்காரு.

பூபதி வேகமா வரலம்மா.